கைகொடுக்க மறுக்கும் உரிமை

2005-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் 'ரியல் ஐடி' என்றொரு சட்டத்தை நிறைவேற்றியது. 2001 செப்டம்பர் தாக்குதலைத் தொடர்ந்து வந்த பாதுகாப்பு ஏற்பாடுகளில் அதுவும் ஒன்று. ஓட்டுநர் உரிமம் குறிப்பிட்ட தரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதைக் காட்டி விமானம் ஏற முடியாது என்பதே அதன் சாரம். 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய விதி அது. விமான நிலையங்களில் அமலுக்கு வந்ததோ 2025 மே 7 அன்று. தாமதத்தின் பிற்பகுதிக்குக் கொரோனா ஒரு காரணம். முற்பகுதிக்கு மாநிலங்களே முக்கியக் காரணம். 2007 ஜனவரியில் மெய்ன் மாநிலச் சட்டமன்றம் இதைச் செயல்படுத்த மாட்டோம் என்று தீர்மானம் போட்டது. மொன்டானா உள்ளிட்ட வேறு பல மாநிலங்களும் அதே வழியில் போயின. உலகின் எந்தக் கடலுக்கும் போர்க்கப்பல் அனுப்ப வல்ல அரசு, சொந்த நாட்டில் ஓர் அட்டையின் தரத்தை மாற்ற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டி வந்தது. உரிமம் வழங்கும் அலுவலகம் மாநிலத்துடையது. அங்கு உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கு வாஷிங்டன் நேரடியாக உத்தரவிட முடியாது.

அமெரிக்க மாநிலங்களின் இறையாண்மை பற்றி இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வாதத்தில் பெரும்பகுதி வெறும் முழக்கம் என்பது என் கருத்து. முழக்கங்களைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இந்த எழுத்தரின் மேசை. வாஷிங்டனில் உள்ள கூட்டரசு தன் சட்டத்தைத் தன் ஆட்களைக் கொண்டு நிறைவேற்றலாம். மாநிலத்தின் ஆட்களைக் கூப்பிட்டு ஏவ முடியாது. இந்த எல்லை எப்படி உருவானது, யாருக்கெல்லாம் பயன்பட்டது, எங்கே ஓட்டையாகிறது என்பதைப் பார்ப்போம்.

பிரிட்டனிடமிருந்து விடுபட்ட 13 மாநிலங்களும் முதலில் அமைத்துக்கொண்டது ஒரு தளர்ந்த கூட்டமைப்பு. 1781-இல் நடைமுறைக்கு வந்த அதன் விதிகள், ஒவ்வொரு மாநிலமும் தன் இறையாண்மையைத் தானே வைத்துக்கொள்கிறது என்று வெளிப்படையாகவே சொல்லின. மத்தியில் இருந்த காங்கிரஸுக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. இவ்வளவு பணம் கொடுங்கள் என்று மாநிலங்களைக் கேட்கலாம், அவை கொடுத்தால் உண்டு. போர்க் கடன் அடைபடவில்லை, படைவீரர்களுக்குச் சம்பளப் பாக்கி. இந்த அனுபவம்தான் 1787-இல் பிலடெல்பியாவில் புதிய அரசமைப்பை எழுத வைத்தது. புதிய அமைப்பில் கூட்டரசு மாநிலங்களைக் கெஞ்சாமல் குடிமக்களிடமே நேராக வரி வாங்கலாம், அவர்கள் மீதே நேராகச் சட்டம் இயற்றலாம். பின்னாளில் உச்ச நீதிமன்றம் இந்த மாற்றத்திலேயே தன் விதிக்கு ஆதாரம் கண்டது: மாநிலங்களுக்கு உத்தரவிடும் முறை தோற்றதால்தானே குடிமக்களை நேரடியாக ஆளும் முறை வந்தது, பிறகு மறுபடியும் மாநிலங்களுக்கு உத்தரவு எதற்கு என்பது வாதம்.

1791-இல் சேர்ந்த பத்தாவது திருத்தம், கூட்டரசுக்கு ஒப்படைக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்கிறது. பழைய கூட்டமைப்பு விதிகளில் 'வெளிப்படையாக' ஒப்படைக்கப்பட்டவை என்று இருந்தது. அந்தச் சொல்லைத் திருத்தத்திலும் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையை, திருத்தத்தை வரைந்த ஜேம்ஸ் மேடிசன் ஏற்கவில்லை. 1819-இல் மேரிலாந்து மாநிலம் கூட்டரசின் வங்கிக்கு வரி போட்டபோது, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார். வங்கி நடத்தும் அதிகாரம் எழுதப்பட்டிருக்காவிட்டாலும் எழுதப்பட்ட அதிகாரங்களிலிருந்து அது கிளைக்கும் என்றார். கூட்டரசின் அமைப்புக்கு மாநிலம் வரி போட முடியாது என்றும் தீர்த்தார். நூறாண்டுகள் கழித்து 1918-இல், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் செய்த பொருளை மாநில எல்லை தாண்டி விற்கத் தடை விதித்த சட்டத்தை அதே நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் வீழ்த்தியது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி டே பத்தாவது திருத்தத்தைச் சுட்டும்போது, திருத்தத்தில் இல்லாத அந்தச் சொல்லைத் தாமாகவே சேர்த்துவிட்டார்! வட கரோலினாவின் பஞ்சாலைகளில் குழந்தைகள் தொடர்ந்து வேலை செய்ய அந்தத் தீர்ப்பு வழிவிட்டது. 1941-இல்தான் அது ரத்தானது.

மாநில உரிமை என்றாலே தமிழ் வாசகர் காதில் நல்ல ஒலி கேட்கும். மொழிக்காகவும் இட ஒதுக்கீட்டுக்காகவும் டெல்லியோடு மல்லுக்கட்டிய வரலாறு நம்முடையது. மாநில சுயாட்சியை ஆராய 1969-இல் கருணாநிதி அரசு அமைத்த ராஜமன்னார் குழு இன்றும் நினைவில் இருக்கிறது. அமெரிக்காவில், குறிப்பாகக் கறுப்பின மக்களின் காதில், அதே சொல் வேறு விதமாக விழும். அடிமை முறையைக் காத்தவர்களும், பின்னர் நிறப்பிரிவினையைக் காத்தவர்களும் தூக்கிய கொடி அது. ஆனாலும் கதை அத்தனை நேராக இல்லை.

1842-இல் வந்த பிரிக் வழக்கைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் வாழ்ந்த மார்கரெட் மார்கன் என்ற பெண்ணை, தப்பியோடிய அடிமை என்று சொல்லி எட்வர்ட் பிரிக் என்பவர் மேரிலாந்துக்கு இழுத்துப் போனார். ஆள்கடத்தல் குற்றம் என்று பென்சில்வேனியா தண்டித்தது. உச்ச நீதிமன்றம் பிரிக்கை விடுவித்தது. தப்பிய அடிமைகளைப் பிடிப்பது கூட்டரசுச் சட்டத்தின் பாற்பட்டது, மாநிலம் குறுக்கே நிற்க முடியாது என்றது. கொடுமையான தீர்ப்பு. அதற்குள்ளேயே நீதிபதி ஸ்டோரி இன்னொன்றையும் எழுதினார்: கூட்டரசின் இந்த வேலையைச் செய்யும்படி மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது.

வட மாநிலங்கள் அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டன. 1843-இல் மாசசூசெட்ஸ், தன் அதிகாரிகள் அடிமை பிடிக்க உதவக் கூடாது, தன் சிறைகளை அதற்குத் தரக் கூடாது என்று சட்டம் செய்தது. பிற மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் வந்தன. மாநில ஆட்கள் கைவிரித்ததும் கூட்டரசு சொந்தமாக ஓர் அமைப்பை உருவாக்க வேண்டியதாயிற்று. 1850-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கென ஆணையர்களை வைத்தது. ஒருவரை அடிமை என்று தீர்த்தால் ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். 1854-இல் போஸ்டன் நகரத்தில் ஆன்டனி பர்ன்ஸ் என்ற ஒரே மனிதரைக் கப்பலேற்றத் துருப்புகளைத் தெருவில் நிறுத்த வேண்டியிருந்தது. அதே ஆண்டு விஸ்கான்சினில் ஜோஷுவா குளோவரைக் கூட்டம் சிறையை உடைத்து மீட்டது. அதில் பங்கேற்ற பத்திரிகையாளர் ஷெர்மன் பூத்தை மாநில உச்ச நீதிமன்றம் விடுவித்தது, கூட்டரசுச் சட்டமே செல்லாது என்றும் சொன்னது. இந்தக் கடைசிப் படிதான் அதிகம். கூட்டரசுச் சட்டம் செல்லுமா என்பதைத் தீர்க்கும் இறுதி அதிகாரம் மாநில நீதிமன்றத்துக்கு இல்லை என்று 1859-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரே குரலில் தீர்த்தது. உதவ மறுப்பது வேறு, செல்லாது என்று அறிவிப்பது வேறு. முதலாவது உரிமையாக நிலைத்தது, இரண்டாவது நிலைக்கவில்லை.

1860 டிசம்பரில் தென் கரோலினா பிரிந்து போனபோது வெளியிட்ட காரண அறிக்கையைப் படித்தால் வியப்பாக இருக்கும். வட மாநிலங்கள் தப்பிய அடிமைகள் பற்றிய கூட்டரசுச் சட்டத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்று மாநிலம் மாநிலமாகப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது. 1832-இல் இறக்குமதி வரிச் சட்டம் எங்களுக்குச் செல்லாது என்று அறிவித்து அதிபர் ஜாக்சனோடு மோதிய அதே தென் கரோலினாதான் இது. உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காக நடந்தது என்று இன்றும் சொல்கிறவர்கள், அந்த மாநிலத்தின் சொந்த அறிக்கையையாவது ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். போர் முடிந்த பிறகு 1868-இல் வந்த பதினான்காவது திருத்தம், எந்த மாநிலமும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை எவருக்கும் மறுக்கலாகாது என்றது. ஒன்றியத்தை விட்டுப் பிரியும் உரிமை மாநிலங்களுக்கு இல்லை என்பதை 1869-இல் டெக்சஸ் வழக்கு முடித்துவைத்தது. 1913-இல் இரண்டு திருத்தங்கள்: வருமான வரி கூட்டரசின் கையில் பெரும்பணத்தைத் தந்தது, செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுத்த வழக்கம் நின்று மக்களின் நேரடி வாக்கு வந்தது. மாநில அரசுகள் வாஷிங்டனில் தமக்கென வைத்திருந்த வாயிலை இழந்தன. சட்ட நூல்கள் இதற்குத் தரும் இடம் போதாது என்றே எனக்குப் படுகிறது.

பிறகு வந்தன பொருளாதாரப் பெருமந்தமும் அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆட்சியும். மாநிலங்களுக்கிடையே நடக்கும் வணிகத்தை முறைப்படுத்தலாம் என்ற ஒரே பிரிவை வைத்துக் கூட்டரசு ஏறத்தாழ எல்லாவற்றிலும் நுழைந்தது. அதன் உச்சம் 1942-இல் வந்த ஒகையோ விவசாயி ரோஸ்கோ ஃபில்பர்னின் வழக்கு. அவருக்கு அனுமதிக்கப்பட்டது 11.1 ஏக்கர் கோதுமை. விதைத்தது 23 ஏக்கர். கூடுதலாக விளைந்த 239 புஷலுக்கு அபராதம் போட்டார்கள். என் மாட்டுக்கும் என் வீட்டுக்கும் விளைவித்தேன், விற்கவே இல்லையே என்றார். நீ விளைவித்ததால் சந்தையில் வாங்காமல் விட்டாய், எல்லோரும் இப்படிச் செய்தால் நாட்டு விலை மாறும், ஆகவே இதுவும் மாநிலங்களுக்கிடையிலான வணிகமே என்றது நீதிமன்றம். அந்த வாதப்படி எதைத்தான் வணிகம் இல்லை என்று சொல்வது? அடுத்த அரைநூற்றாண்டுக்கு இந்தப் பிரிவை மீறியதாக எந்தச் சட்டமும் வீழவில்லை. 1995-இல்தான், பள்ளி அருகே துப்பாக்கி வைத்திருப்பது வணிகம் ஆகாது என்று நீதிமன்றம் ஒரு கோடு போட்டது.

வணிகப் பிரிவு இப்படி நீண்டது எல்லோருக்கும் கெட்டதையே செய்துவிடவில்லை. 1964-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் விடுதிகளிலும் உணவகங்களிலும் நிறப்பாகுபாட்டைத் தடுத்தது இதே வணிகப் பிரிவின் பலத்தால்தான். அதற்கு ஏழாண்டு முன்பு, 1957 செப்டம்பரில், ஆர்கன்சாவின் லிட்டில் ராக் நகரத்தில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாமல் தடுக்க ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ் மாநிலத்தின் தேசியக் காவல் படையை நிறுத்தினார். (அமெரிக்காவில் ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம் முதலமைச்சருக்கு நிகரானவர்.) அதிபர் ஐசன்ஹோவர் தரைப்படையின் 101-ஆம் வான்வழிப் பிரிவை அனுப்பினார், அந்தக் காவல் படையையும் கூட்டரசின் கீழ் எடுத்துக்கொண்டார். அம்மாத முற்பகுதியில் மாணவர்களைத் தடுத்த படை, பின்னர் அவர்களுக்குக் காவலாக நின்றது. ஃபாபஸ் விட்டுக்கொடுக்கவில்லை, அடுத்த கல்வியாண்டில் நகரின் உயர்நிலைப் பள்ளிகளையே மூடினார். தன் குடிமக்களில் ஒரு பகுதியை மனிதராக நடத்த மறுக்கும் மாநிலம் இறையாண்மை பேசினால், அங்கே கூட்டரசின் படை நுழைவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

இனி, மாநில ஆட்களைக் கூட்டரசு ஏவ முடியாது என்ற விதி இன்றைய வடிவம் பெற்ற கதை. 1992-இல் நியூயார்க் தொடுத்த வழக்கு கதிரியக்கக் கழிவு பற்றியது. கழிவை அகற்ற வழிசெய்யாத மாநிலம் அந்தக் கழிவுக்குத் தானே உரிமையாளராக வேண்டும் என்றது கூட்டரசுச் சட்டம். மாநிலச் சட்டமன்றத்துக்கு இப்படி ஆணையிட முடியாது என்று நீதிபதி ஓ'கானர் எழுதினார். 1997-இல் துப்பாக்கி வந்தது. பிரேடி சட்டப்படி, கைத்துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர் ஷெரீஃப் விசாரிக்க வேண்டியிருந்தது. மொன்டானாவின் ஷெரீஃப் ஜே பிரின்ட்ஸ் மறுத்து வழக்காடினார். ஒரே வாக்கு வித்தியாசத்தில், நீதிபதி ஸ்காலியா எழுதிய தீர்ப்பில், அவர் வென்றார். துப்பாக்கி உரிமைக்காரர்களும் பழமைவாதிகளும் கொண்டாடிய வெற்றி அது. இருபது ஆண்டுகள் கழித்து அதே தீர்ப்பை ஏந்தி நீதிமன்றம் போனவர்கள் யார்? புலம்பெயர்ந்தோரைப் பிடித்துக்கொடுக்க மறுத்த சிகாகோவும் கலிபோர்னியாவும். தன் காவல்துறை குடியேற்ற அதிகாரிகளுக்கு உதவுவதைக் கட்டுப்படுத்திக் கலிபோர்னியா 2017-இல் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து டிரம்ப் அரசு போட்ட வழக்கின் முக்கியப் பகுதி 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கே எடுக்கவில்லை. 2018-இல் நியூஜெர்சி இதே விதியால் விளையாட்டுச் சூதாட்டத்தை அனுமதிக்கும் உரிமையை வென்றது. இன்று 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் அந்தச் சூதாட்டம் சட்டப்படி நடக்கிறது. அடிமையை ஒப்படைக்க மறுத்தவர், துப்பாக்கி விசாரணையை மறுத்தவர், புலம்பெயர்ந்தவரைக் காட்டிக்கொடுக்க மறுத்தவர், சூதாட வழிவிட்டவர் எல்லோரும் ஒரே விதியின் நிழலில் நிற்கிறார்கள். எனக்குப் பிடித்த காரியத்துக்கு மட்டும் இந்த நிழல் வேண்டும் என்று கேட்க முடியாது.

கஞ்சா விஷயத்தில் இது இன்னும் வேடிக்கையானது. 1970-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் கஞ்சாவைத் தடைசெய்கிறது. 1996-இல் கலிபோர்னியா மருந்துக்காக அதை அனுமதித்தது. நோய்க்காக வீட்டில் வளர்த்தாலும் கூட்டரசு தண்டிக்கலாம் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம், பழைய கோதுமை வழக்கையே துணைக்கழைத்து, 6-க்கு 3 எனத் தீர்த்தது. சட்டப் புத்தகத்தில் கூட்டரசுக்கு முழு வெற்றி. நடைமுறையில்? போதைப்பொருள் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் பிடிப்பது மாநில, உள்ளூர் காவலர்களே. அவர்கள் கையை மடக்கிக்கொண்டால் வாஷிங்டனிடம் அத்தனை ஆட்கள் கிடையாது. கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் 2012-இல் வயதுவந்த எவருக்கும் கஞ்சா விற்கலாம் என்று வாக்களித்தன. இப்போது 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் அதுவே நிலை. கூட்டரசுச் சட்டத்துக்குப் பயந்து பல வங்கிகள் கஞ்சாக் கடைக்குக் கணக்குத் திறக்கத் தயங்குவதால், கடைக்காரர் ரொக்கத்தோடு அல்லாடுகிறார்.

ஆக, உத்தரவிட முடியாது. காசு கொடுத்து வாங்கலாமா? எல்லை உண்மையில் தேய்வது இங்கேதான். 1984-இல் கூட்டரசு, மது அருந்தும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதத்தை நிறுத்துவோம் என்றது. மது பற்றிய சட்டம் மாநிலங்களுக்கே உரியது என்று தெற்கு டகோட்டா வழக்காடியது, 1987-இல் தோற்றது. இது வற்புறுத்தல் இல்லை, இலேசான ஊக்கம் என்றார் தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட். அடுத்த ஆண்டுக்குள் எல்லா மாநிலங்களும் பணிந்துவிட்டன. மாநிலங்களின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டரசிடமிருந்து வரும் நாட்டில், மறுக்கும் உரிமை எத்தனை நாள் தாங்கும்?

2012-இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் நீதிமன்றம் முதன்முறையாக நிறுத்து என்றது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்தை விரிவாக்க மறுக்கும் மாநிலம் ஏற்கெனவே பெற்றுவந்த மெடிக்கெய்டு பணத்தையும் இழக்க நேரிடும் என்றிருந்தது. சராசரி மாநில வரவுசெலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அந்தத் திட்டத்துக்கே போகிறது. மறுக்க வழியே இல்லாத நிபந்தனை கட்டாயமேயன்றி வேறில்லை என்று 7 நீதிபதிகள் ஒப்பினர். 5 சதவீத நெடுஞ்சாலைப் பணம் ஊக்கம், மொத்த மெடிக்கெய்டு பணம் மிரட்டல். நடுவில் எங்கே கோடு என்று நீதிமன்றம் இன்றுவரை சொல்லவில்லை. இந்தத் தீர்ப்பின் விலையையும் சொல்ல வேண்டும். டெக்சஸ், புளோரிடா உள்ளிட்ட 10 மாநிலங்கள் இன்னமும் விரிவாக்கவில்லை. அங்கே காப்பீட்டுக்கு எந்த வழியும் இல்லாத ஏழைகள் பத்து லட்சத்துக்கும் மேல். தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். அந்த மாநில ஆட்சியாளர்கள் செய்தது சரி என்று நினைக்கவில்லை.

இன்றைய சிக்கல் வேறொரு பக்கம் திரும்பியிருக்கிறது. மாநில ஆட்களை ஏவ முடியாவிட்டால் தன் ஆட்களையே பெருமளவில் அனுப்புவது என்ற வழி. 2025 ஜூனில் குடியேற்ற சோதனைகளை எதிர்த்து லாஸ் ஏஞ்சலிஸில் போராட்டம் எழுந்ததும், ஆளுநர் நியூசமின் எதிர்ப்பை மீறி அதிபர் டிரம்ப் கலிபோர்னியாவின் தேசியக் காவல் படையைத் தன் ஆணைக்குக் கீழ் எடுத்தார். சுமார் 4,000 காவல் படையினரும் 700 மரைன் படை வீரர்களும் இறங்கினர். ஆளுநர் கேட்காமல் ஓர் அதிபர் இப்படிச் செய்தது 1965-க்குப் பிறகு அதுவே முதல் முறை. அன்று அதிபர் ஜான்சன் அனுப்பியது, செல்மாவில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைக் காக்க. கலிபோர்னியாவும் அதன்பின் ஓரிகனும் இல்லினாயும் நீதிமன்றம் சென்றன. 1957-ஐ வரவேற்றவன் 2025-ஐ எப்படி எதிர்க்க முடியும் என்று கேட்பார்கள். முடியும். லிட்டில் ராக்கில் நீதிமன்ற ஆணை ஒன்று இருந்தது, மாநிலம் அதை வெளிப்படையாக மீறியது, படை அதை நிறைவேற்றப் போனது. மாநிலம் உதவ மறுப்பது மட்டும் எந்த ஆணையையும் மீறுவதாகாது.

நம் நாட்டில் இந்தப் பாதுகாப்பு இல்லை என்பது தெரிந்ததே. நாடாளுமன்றச் சட்டத்துக்கு மாநில நிர்வாகம் இணங்கி நடக்க வேண்டும், அதற்காக ஒன்றியம் உத்தரவிடலாம் என்று நம் அரசமைப்பின் 256-ஆவது பிரிவே சொல்கிறது. மாநிலங்களுக்கு இறையாண்மை இல்லை என்று மேற்கு வங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-இல் தீர்த்தபோது, நீதிபதி சுப்பா ராவ் ஒருவரே மாறுபட்டு எழுதினார். ஆனால் காசு பற்றிய அமெரிக்க வாதம் நமக்கு அந்நியமானதல்ல. பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடாததால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் (சமக்ர சிக்ஷா) நிதி, 2,150 கோடி ரூபாய்க்கு மேல், நிறுத்தப்பட்டதாகத் தமிழ்நாடு 2025-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. புதிய திட்டத்தை ஏற்கச் செய்யப் பழைய திட்டத்தின் பணத்தைப் பிடித்துவைக்கலாமா என்பதே 2012-இல் அமெரிக்க மாநிலங்கள் எழுப்பிய கேள்வியும். மாநில சுயாட்சி பேசும் நம் கட்சிகள் அதிகாரப் பட்டியலில் எது எங்கே இருக்க வேண்டும் என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. தரும் பணத்தில் எந்த நிபந்தனை கூடாது என்பதையும் சட்ட வாசகமாக எழுதி முன்வைக்க வேண்டும்.